கழிவறைக் கோப்பை நீரிழப்பு

கழிவறைக் கோப்பை நீரிழப்பு என்பது, கழிவறைக் கோப்பையின் அடியில் எப்போதும் தேங்கி நிற்க வேண்டிய நீர், எவரும் பயன்படுத்தாத வேளையிலும் சிறிது சிறிதாகக் குறைந்து போவதைக் குறிக்கும். இவ்வாறு தேங்கி நிற்கும் நீர் நீர்ப்பூட்டு எனப்படுகின்றது. குழாய்த் தொழிலாளர் இதனை வாட்டர் சீல் என்பர். இது கழுவிய பின் தற்செயலாக எஞ்சிவிட்ட நீர் அன்று. வீட்டின் காற்றையும் கழிவுநீர்க் குழாயின் காற்றையும் பிரித்து வைக்கும் தடுப்பு இதுவே ஆகும். நீர்மட்டம் ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இறங்கினால், கழிவுநீர்க் குழாயில் உள்ள வளிமங்களும், சில வேளைகளில் நோய்க்கிருமிகளைச் சுமக்கும் நீர்த்திவலைகளும் வீட்டினுள் நுழைய வழி ஏற்படுகின்றது.

ஆவியாதல், நுண்புழை விளைவு, குழாய்களில் ஏற்படும் காற்றழுத்த மாற்றம், பீங்கானில் உண்டாகும் வெடிப்பு ஆகியவை இந்நீரிழப்பின் முதன்மைக் காரணங்கள் ஆகும். தரையில் ஈரம் எதுவும் தென்படாமலேயே இவை நான்கும் நிகழலாம். ஆகவே காரணத்தை ஒரே பார்வையில் அறிவது கடினம். எனினும், நீர் எவ்வளவு விரைவாகக் குறைகின்றது, எப்போது குறைகின்றது, எந்த மட்டத்தில் நின்றுவிடுகின்றது ஆகிய மூன்றையும் கவனித்தால் பெரும்பாலான வேளைகளில் காரணத்தைக் கண்டறிந்துவிடலாம்.

அமைப்பும் செயற்பாடும்

கழிவறைக் கோப்பையின் வெளியேறு வழி நேராகக் கீழிறங்குவதில்லை. அது முதலில் கீழே சென்று, பின்னர் மேலேறி, ஒரு மேட்டைக் கடந்த பின்னரே கழிவுநீர்க் குழாயை அடைகின்றது. இவ்வளைவு டிராப் என அழைக்கப்படுகின்றது. வெளியேறும் முனை சுவரை நோக்கி இருப்பின் பி-டிராப் என்றும், தரையை நோக்கி இருப்பின் எஸ்-டிராப் என்றும் கூறுவர். கைகழுவும் தொட்டி, சமையலறைத் தொட்டி, குளியலறைத் தரை வடிகால் ஆகியவற்றின் கீழும் இதே தத்துவத்தில் அமைந்த வளைவுகள் உள்ளன.

இவ்வளைவில் இரண்டு விளிம்புகள் முதன்மையானவை. நீர் கடந்து செல்ல வேண்டிய மேட்டின் உச்சி வழிவிளிம்பு எனலாம். கோப்பையிலிருந்து வளைவினுள் இறங்கித் தொங்கும் தடுப்புச் சுவரின் அடிப்பகுதியைத் தாழ்விளிம்பு எனலாம். நீர் வழிவிளிம்பு வரை நிற்கும்போது தாழ்விளிம்பு நீரில் மூழ்கியிருக்கும். இவ்விரு விளிம்புகளுக்கும் இடையிலான செங்குத்து உயரமே நீர்ப்பூட்டின் ஆழம் ஆகும். நீர்மட்டம் தாழ்விளிம்புக்குக் கீழே சென்றவுடன் பூட்டு உடைந்துவிடும். அப்போதும் கோப்பையின் அடியில் சிறிது நீர் தென்படும். ஆனால் அதற்கு மேலே காற்று செல்ல வழி திறந்திருக்கும். ஆகவே கோப்பையில் நீர் இருக்கின்றது என்பதை மட்டும் கொண்டு பூட்டு உள்ளது என முடிவு செய்ய முடியாது.

கழிவறைக் கோப்பைகளின் நீர்ப்பூட்டு பொதுவாக 50 மிமீ அல்லது அதற்குச் சற்று மேற்பட்ட ஆழம் உடையது. இந்தியாவின் ஊர்ப்புறங்களில் அமைக்கப்படும், கையால் நீரூற்றும் இரட்டைக்குழிக் கழிவறைகளில் இது 20 மிமீ அளவே உள்ளது. ஆழம் குறைவாக இருப்பதால் ஏறத்தாழ 1.5 முதல் 2 லீட்டர் நீரிலேயே அவற்றைக் கழுவிவிட முடிகின்றது. மறுபுறம், ஆழம் குறைந்த பூட்டு விரைவில் உடையக்கூடியது.

50 மிமீ உயர நீர் ஏற்படுத்தும் அழுத்தம் சுமார் 490 பாஸ்கல் ஆகும். இது வளிமண்டல அழுத்தத்தில் ஏறத்தாழ 200-இல் ஒரு பங்கு மட்டுமே. நீர்ப்பூட்டு எளிமையானது, தேய்மானம் அற்றது, நகரும் உறுப்புகள் இல்லாதது. ஆயினும் இச்சிறிய அழுத்த வேறுபாட்டுக்கு மேல் அதனால் தாங்க இயலாது.

வரலாறு

இலண்டனில் வாழ்ந்த இசுக்கொட்லாந்துக் கடிகாரத் தொழிலாளரான அலெக்சாண்டர் கம்மிங் 1775 ஆம் ஆண்டில் நீர்க் கழிவறை ஒன்றுக்குக் காப்புரிமம் பெற்றார். அதில் கோப்பையின் கீழே எஸ் வடிவில் வளைந்த குழாய் அமைந்திருந்தது. அவ்வடிவமைப்பில் கோப்பையை மூட ஒரு நகரும் தகடும் இருந்தது. பின்னாளில் தகடு போன்ற நகரும் உறுப்புகள் வழக்கொழிந்தன. வளைவும் அதில் நிற்கும் நீரும் இன்றுவரை நிலைத்துள்ளன.

நீரிழப்பின் காரணங்கள்

ஆவியாதல்

எல்லா நீர்ப்பூட்டுகளும் ஆவியாதலால் நீரை இழக்கின்றன. அன்றாடம் பயன்படும் கோப்பையில் ஒவ்வொரு முறையும் புதிய நீர் வந்து சேர்வதால் இவ்விழப்பு உணரப்படுவதில்லை. ஆவியாகும் வேகம் வெப்பநிலை, காற்றின் ஈரப்பதம், காற்றோட்டம் ஆகியவற்றைப் பொறுத்தது. நாளொன்றுக்கு 1 மிமீ வீதம் குறைவதாகக் கொண்டால், 50 மிமீ பூட்டு 50 நாட்களிலும் 20 மிமீ பூட்டு 20 நாட்களிலும் உடையும். வெப்பமும் வறட்சியும் மிகுந்த காலத்திலும், காற்றகற்றும் விசிறி தொடர்ந்து இயங்கும் அறையிலும் இது இன்னும் விரைவாக நிகழும். மறுதலையாக, ஓர் இரவிலேயே நீர்மட்டம் பல மில்லிமீட்டர்கள் குறையுமாயின் அதற்கு ஆவியாதல் காரணமாக இருக்க முடியாது.

நுண்புழை விளைவு

விளக்குத் திரி எண்ணெயைத் தானே மேலேற்றுவது போல, நார்ப்பொருட்களின் இடையே உள்ள நுண்ணிய இடைவெளிகள் நீரை மேலே இழுக்கும். துடைப்பத் துணியின் நூல், தலைமுடிக் கற்றை, கந்தல் துண்டு போன்றவை வளைவின் வழிவிளிம்பில் சிக்கிக்கொள்வதுண்டு. ஒரு முனை கோப்பை நீரிலும் மறுமுனை வழிவிளிம்பைத் தாண்டி அந்நீர்மட்டத்துக்குக் கீழேயும் தொங்கினால், நீர் நார் வழியே ஏறி மறுபுறம் சொட்டத் தொடங்கும். ஒவ்வொரு சொட்டும் சிறியதே எனினும், சில மணி நேரத்தில் நீர்மட்டம் புலப்படும் அளவுக்கு இறங்கிவிடும். நீர் நேராகக் கழிவுநீர்க் குழாயினுள் செல்வதால் தரையில் எந்த ஈரமும் இராது.

இதனை எளிய சோதனை ஒன்றினால் விளங்கிக்கொள்ளலாம். குவளை ஒன்றில் விளிம்புக்குச் சற்றுக் கீழே வரை நீர் நிரப்பி, ஈரத்துணி ஒன்றின் ஒரு முனையை நீரினுள்ளும் மறுமுனையைக் குவளைக்கு வெளியே நீர்மட்டத்துக்குக் கீழும் தொங்கவிட்டால், சிறிது நேரத்தில் வெளிமுனையிலிருந்து நீர் சொட்டுவதைக் காணலாம்.

காற்றழுத்த மாற்றம்

அடுக்குமாடிக் கட்டடங்களில் பல வீடுகளின் கழிவுநீர் ஒரே செங்குத்துக் குழாயில் இறங்குகின்றது. மேல்மாடியில் ஒருவர் நீர் பாய்ச்சும்போது, விழும் நீர் குழாயிலுள்ள காற்றையும் தன்னுடன் இழுத்துச் செல்கின்றது. இதனால் குழாயின் மேற்பகுதியில் அழுத்தம் குறைந்து, இடைப்பட்ட மாடிகளின் நீர்ப்பூட்டுகளிலிருந்து நீர் வழிவிளிம்பைத் தாண்டி உறிஞ்சப்படுகின்றது. இது தூண்டிய சைபன் விளைவு எனப்படுகின்றது. குழாயின் அடிவளைவில் நீர் மோதும்போது இதற்கு எதிரான நிலை ஏற்படும். அங்கே அழுத்தம் கூடுவதால், தரைத்தளக் கோப்பைகளில் குமிழிகள் எழும். சில வேளைகளில் நீர் மேலே தெறிக்கும்.

இம்மாற்றங்களைச் சமன் செய்வதற்காகவே செங்குத்துக் குழாயின் மேல்முனை கூரைக்கு மேல் திறந்துவிடப்படுகின்றது. காற்றுப்போக்கியான அம்முனை பறவைக்கூடு, சருகு, தூசி படிந்த வலை ஆகியவற்றால் அடைபட்டால் குழாய்க்குத் தேவையான காற்று நீர்ப்பூட்டுகளின் வழியே இழுக்கப்படும். ஐக்கிய அமெரிக்காவின் குழாய்ப்பணி விதிகள், நீர்ப்பூட்டின் மீது ஏற்படும் அழுத்த மாற்றம் 1 அங்குல நீர் உயரத்துக்கு, அதாவது சுமார் 250 பாஸ்கலுக்கு, மிகாதவாறு காற்றுப்போக்கிகளை அமைக்க வேண்டும் எனக் கூறுகின்றன.

கூரைமுனையின் மேல் பலத்த காற்று வீசும்போதும் குழாயினுள் அழுத்தம் ஏறி இறங்கும். அவ்வேளைகளில் கோப்பை நீர் ஊஞ்சல் போல ஆடி, ஒவ்வோர் ஆட்டத்திலும் சிறிதளவு வழிவிளிம்பைக் கடந்து போய்விடும்.

பீங்கானில் வெடிப்பு

கோப்பையின் வெளிச்சுவரில் வெடிப்பு ஏற்பட்டால் நீர் தரையில் கசியும். அதனை எளிதில் கண்டுகொள்ளலாம். ஆனால் கோப்பைக்கும் வெளியேறு வழிக்கும் இடையிலான உட்சுவரில் வெடிப்போ, வார்ப்பின்போது நேர்ந்த துளையோ இருந்தால், நீர் உள்ளேயே வடிந்து கழிவுநீர்க் குழாயை அடைந்துவிடும். வெடிப்பு இருக்கும் உயரம் வரை நீர் இறங்கி அங்கே நின்றுவிடுவது இதன் தனி அடையாளம் ஆகும். ஒவ்வொரு முறையும் அது ஏறத்தாழ அதே மட்டத்தில் நிற்கும்.

நீரிழப்புடன் குழப்பிக்கொள்ளத்தக்கவை

முழுமையாக நிரம்பாமை

சில வீடுகளில் கோப்பை நீரை இழப்பதில்லை. தொடக்கத்திலேயே முழுமையாக நிரம்புவதில்லை. ஐக்கிய அமெரிக்காவில் பரவலாக உள்ள சைபன் வகைக் கோப்பைகளில், நீர் பாய்ச்சும்போது கோப்பை நீர் முழுவதும் வேண்டுமென்றே உறிஞ்சி வெளியேற்றப்படுகின்றது. அதன் பின்னர் தொட்டியிலுள்ள மெல்லிய குழல் ஒன்று கோப்பையை மீண்டும் நிரப்புகின்றது. அக்குழல் இடம் நழுவினால் நீர்மட்டம் எப்போதும் தாழ்ந்தே இருக்கும். இந்தியாவிலும் ஐரோப்பாவிலும் பரவலாக உள்ள, நீரின் வேகத்தால் கழுவும் வகையில், தொட்டி நீர் போதாமையால் இதே நிலை தோன்றலாம்.

தொட்டிக் கசிவு

தொட்டியின் அடியில் உள்ள மூடி சரியாகப் பொருந்தாவிட்டால் நீர் ஓயாமல் கோப்பையினுள் கசியும். இதனால் நீர் வீணாகுமே அன்றிக் கோப்பையின் நீர்மட்டம் குறையாது. மேலதிக நீர் வழிவிளிம்பைத் தாண்டிச் சென்றுவிடும். மாறாக, தொட்டிக் கசிவு கோப்பையின் நீரிழப்பை மறைத்துவிடக்கூடும். இழக்கும் நீரை அது ஈடுசெய்வதால், தொட்டிக் கசிவைச் சீர்செய்த பின்னரே கோப்பையில் நீர் குறைவது முதன்முறையாகத் தெரியவரலாம்.

காரணத்தைக் கண்டறிதல்

பின்வரும் ஒழுங்கில் சோதித்தால் காரணங்களை ஒவ்வொன்றாக நீக்கிச் செல்லலாம்.

1. கோப்பையினுள் ஒரு வாளி நீரை மெதுவாக ஊற்ற வேண்டும். மேலதிக நீர் வழிந்தோடிய பின் நிற்கும் மட்டமே வழிவிளிம்பின் மட்டம் ஆகும். அதனைப் பென்சிலால் குறித்துக்கொள்ள வேண்டும்.

2. பின்னர் வழக்கம் போல் நீர் பாய்ச்சி, தொட்டி நிரம்பி முடிந்ததும் பார்க்க வேண்டும். நீர்மட்டம் உடனேயே குறிக்குக் கீழே இருப்பின், சிக்கல் முழுமையாக நிரம்பாமையே ஆகும்.

3. தொட்டியில் சிறிது உணவு வண்ணம் கலந்து, நீர் பாய்ச்சாமல் அரைமணி நேரம் காத்திருக்க வேண்டும். கோப்பையில் நிறம் தோன்றினால் தொட்டி கசிகின்றது. அதனைச் சீர்செய்த பின்னரே அடுத்த சோதனைக்குச் செல்லலாம்.

4. கோப்பையைக் குறி வரை நிரப்பி, தொட்டிக்கு நீர் வரும் வால்வை மூடி, ஓர் இரவு முழுவதும் வீட்டில் எந்த நீரையும் வடிகாலில் விடாமல் இருக்க வேண்டும். காலையில் நீர்மட்டம் மாறாதிருந்தால் வெடிப்பும் நுண்புழை விளைவும் பெரும்பாலும் நீங்கிவிடுகின்றன. அடுக்குமாடிகளில் மேல்வீட்டார் நீர் பாய்ச்சுவதும் முடிவைப் பாதிக்கும் என்பதை நினைவிற்கொள்ள வேண்டும்.

5. இரவில் குறையாத நீர் பகலில் குறைந்தால், ஒருவர் கோப்பையைக் கவனிக்க மற்றொருவர் பிற குளியலறைகளில் நீர் பாய்ச்ச வேண்டும். அதே நொடியில் கோப்பை நீர் ஆடுவதும், களக் களக் என ஒலி எழுவதும், நீர்மட்டம் சட்டென இறங்குவதும் காற்றழுத்த மாற்றத்தின் அடையாளங்கள் ஆகும்.

6. இரவிலேயே நீர் குறைந்திருந்தால், வளைவினுள் வளையும் கம்பிச் சுருளைச் செலுத்திச் சிக்கியுள்ளவற்றை அகற்றி, பலமுறை நீர் பாய்ச்சிய பின் நான்காவது சோதனையை மீண்டும் செய்ய வேண்டும். குறைவது நின்றுவிட்டால் நுண்புழை விளைவே காரணம். மீண்டும் அதே மட்டம் வரை இறங்கி நின்றால் வெடிப்பு என ஐயுறலாம்.

நீர் குறையும் விதம் மட்டுமே பல வேளைகளில் போதிய விடை தரும். சட்டென இறங்கினால் அழுத்தம். ஒரே சீராக இறங்கி ஒரே மட்டத்தில் நின்றால் வெடிப்பு. சில மணி நேரம் மெல்ல இறங்கி, சுத்தம் செய்தபின் மறைந்தால் நார்ப்பொருள். பல நாட்கள் பயன்படுத்தாதபோது மட்டும் இறங்கினால் ஆவியாதல் எனச் சுருக்கமாகக் கூறலாம்.

சீர்செய்தல்

நார்ப்பொருள் காரணமாயின் அதனை அகற்றுவதே போதுமானது. அதனைக் கரைக்கும் நோக்குடன் அமிலத்தையும் பிளீச்சிங் பவுடரையும் ஒருசேரக் கோப்பையில் இடுவது ஆபத்தானது. இவ்விரண்டும் கலந்தால் நச்சுத்தன்மை உள்ள குளோரின் வளிமம் வெளிப்படும்.

காற்றழுத்தம் காரணமாயின் கூரையிலுள்ள காற்றுப்போக்கியின் அடைப்பையும், செங்குத்துக் குழாயில் உள்ள அரைகுறை அடைப்பையும் நீக்க வேண்டும். கூரை வரை குழாயைக் கொண்டுசெல்ல இயலாத இடங்களில், காற்றை உள்ளே மட்டும் விடும் வால்வு பொருத்துவதுண்டு. இது உறிஞ்சலைத் தணிக்கும். ஆனால் கீழிருந்து எழும் மிகையழுத்தத்துக்குத் தீர்வாகாது. அடுக்குமாடிகளில் இப்பழுது ஒரு வீட்டுக்குள் முடிவதன்று என்பதால், கட்டடம் முழுவதற்கும் பொதுவான குழாயைச் சோதிக்க வேண்டியிருக்கும்.

உட்சுவரில் வெடிப்பு உள்ள கோப்பையை மாற்றிவிடுவதே முறை. பசைகொண்டு அடைப்பது நம்பத்தக்கதன்று. வெடித்த பீங்கான் அமர்பவரின் எடையால் உடைந்து ஆழமான காயம் ஏற்படுத்தவும் கூடும்.

உடல்நலத் தாக்கங்கள்

கழிவுநீர்க் குழாய் வளிமத்தில் மீத்தேன், ஐதரசன் சல்பைடு, அமோனியா முதலியன அடங்கியுள்ளன. ஐதரசன் சல்பைடு மிகக் குறைந்த செறிவிலேயே அழுகிய முட்டை நாற்றம் தரும். வீடுகளில் நுழைவது பொதுவாக இத்தகைய குறைந்த அளவே ஆகும். ஆனால் அதன் செறிவு பத்து இலட்சத்தில் 100 பங்கு அளவை எட்டும்போது மோப்ப உணர்வு மழுங்கிவிடும். ஆகவே நாற்றம் நின்றுவிட்டதை மட்டும் கொண்டு ஆபத்து நீங்கியது எனக் கொள்ளக்கூடாது.

உடைந்த நீர்ப்பூட்டின் விளைவுக்கு மிகவும் அறியப்பட்ட எடுத்துக்காட்டு, ஹொங்கொங்கின் அமோய் கார்டன்சு குடியிருப்பில் 2003 ஆம் ஆண்டு ஏற்பட்ட சார்சு நோய்ப் பரவல் ஆகும். அவ்வாண்டு மார்ச் மாதத்தில், வயிற்றுப்போக்குடன் கூடிய சார்சு நோயாளி ஒருவர் அங்கு வந்து தங்கினார். ஏப்ரல் 15 வரை அக்குடியிருப்பில் 321 பேர் நோயுற்றனர். அவர்களுள் பெரும் பங்கினர் ஈ கட்டடத்தைச் சேர்ந்தவர்கள். ஹொங்கொங் சுகாதாரத் துறையும் உலக சுகாதார அமைப்பும் நடத்திய ஆய்வுகள் குளியலறைத் தரை வடிகால்களைச் சுட்டிக்காட்டின. குடியிருப்போர் பலர் தரையை நீரூற்றிக் கழுவாமல் துடைத்து வந்ததால், அவ்வடிகால்களின் வளைவுகளில் நீர் வற்றிப்போயிருந்தது. குளியலறையின் காற்றகற்றும் விசிறி இயங்கும்போது, செங்குத்துக் குழாயிலிருந்த தொற்றுள்ள திவலைகள் வறண்ட வளைவுகளின் வழியே உள்ளே இழுக்கப்பட்டிருக்கலாம் என அவ்வாய்வுகள் விளக்கின. அங்கு வறண்டவை கழிவறைக் கோப்பைகள் அல்ல, தரை வடிகால்களே. எனினும் இரண்டையும் காப்பது ஒரே நீர்ப்பூட்டுத் தத்துவமே ஆகும். கழிவறையில் நாற்றம் வரும்போது கோப்பையை மட்டும் பாராமல், அருகிலுள்ள தரை வடிகாலையும் பார்க்க வேண்டும் என்பதையும் இந்நிகழ்வு உணர்த்துகின்றது.

2020 ஆம் ஆண்டு கொரோனா ஊரடங்கின்போது பள்ளிகளும் அலுவலகங்களும் பல வாரங்கள் மூடப்பட்டிருந்தன. அவற்றை மீண்டும் திறக்குமுன் எல்லா வடிகால்களிலும் நீரூற்றி நீர்ப்பூட்டுகளை நிரப்புமாறு பல நாடுகளில் அறிவுறுத்தப்பட்டது.

பயன்படாத கழிவறைகளிலும் தரை வடிகால்களிலும் வாரம் ஒருமுறை நீர் ஊற்றிவருவது ஆவியாதலால் பூட்டு உடைவதைத் தடுக்கும். நீண்ட நாட்கள் வீட்டைப் பூட்டிச் செல்வோர் புறப்படுமுன் கோப்பையை நிரப்பி அதன் மூடியை மூடிவைக்கலாம். தரை வடிகாலில் நீரின் மேல் சிறிது சமையல் எண்ணெய் ஊற்றினால், அப்படலம் ஆவியாதலை வெகுவாகக் குறைக்கும். திரும்பி வந்ததும் முதலில் சாளரங்களைத் திறந்து, எல்லா வடிகால்களிலும் நீரூற்றிய பின்னரே காற்றகற்றும் விசிறியை இயக்குவது நல்லது.